புது இன்ஜினின் மழை

நான் ஈரம் வரைகிறவள். பெங்களூரில் ஆடுகோடிப் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், திரை போட்ட ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இத்தனை வருடம் அதைத்தான் செய்தேன். கடல் தாண்டி இருக்கும் ஒரு பெரிய கம்பெனி, டிவியில் இணைத்து ஆடும் கன்சோலுக்காக ஒரு வீடியோ கேம் எடுக்கிறது. அதில் ஒரு நகரம். அந்த நகரத்தில் ஓயாத மழை. அந்த மழையில் தரை எங்கே நனையும், எங்கே நனையாது என்று தெருத்தெருவாகத் தீட்டுவது எங்கள் ஸ்டூடியோவின் பங்கு. அதிலும் என் பங்கு.

நான் பார்த்திராத நகரம் அது. குளிர்ப் பிரதேசம், கல் பாவிய தெருக்கள், ஓவர்கோட் போட்ட மனிதர்கள். அங்கே மழை எப்படித் தேங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது நான் குடியிருக்கும் ஈஜிபுராவின் மழை. நின்ற ஆட்டோ கிளம்பிப் போன பிறகு தரையில் மிச்சமிருக்கும் உலர்ந்த சதுரம். தகரக் கூரையின் விளிம்பு சொட்டிச் சொட்டிப் போட்டுவைத்த புள்ளிகள். டீக்கடை வாசலில் ஆட்கள் ஒதுங்கி நின்றதால் ஈரம் ஏறாமல் போன அரைவட்டம். எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய் அந்த அயல் தெருக்களில் வைத்தேன். இது எந்த ஊர் மழை என்று யாரும் கேட்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் மெயில் வந்தது.

வெளியே சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்த கேம், எந்தக் கம்பெனி, மூச்சு விடக்கூடாது. வீட்டிலும்தான்.

வீட்டில் இருப்பது என் தம்பி. விவேக் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நாற்பதை நெருங்குகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் கன்சோலை ஆன் செய்துவிடுவான். இந்த உலகத்தில் அவன் எதற்காவது காத்துக்கொண்டிருந்தான் என்றால் அது அந்த கேமுக்குத்தான். முதல் டிரெய்லர் வந்த அன்று விடைத்தாள் கட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டுக் கத்தினான்.

"அக்கா, இங்க வாயேன்! இந்த மழையப் பாரு. அந்தக் கடை ஓரத்துல மட்டும் காஞ்சிருக்கு பாரு. எவனோ உக்காந்து யோசிச்சிருக்கான்க்கா!"

"ஏன், எவளோவா இருக்கக்கூடாதா?"

"சரி, யாரோ. உன் மிட்டாய் கேம் ஆளுங்க மாதிரி இல்ல."

முன்பிருந்த இடத்தில் நான் மொபைலுக்கு மிட்டாய் உடைக்கும் கேம் செய்தவள். இன்னமும் அதைத்தான் செய்கிறேன் என்பது அவன் எண்ணம். நான் வெங்காயம் நறுக்கப் போனேன். அன்றைக்கு வெங்காயம் ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

பிறகுதான் இன்ஜின் மாறியது.

ஒரு கேமுக்கு அடியில் ஓடும் மென்பொருளை இன்ஜின் என்போம். வெளிச்சம் விழுவது, கதவு திறப்பது, மழை பெய்வது எல்லாம் அது சொன்னபடிதான். அந்தக் கம்பெனி தானே கட்டிய இன்ஜினில் வேலை செய்துவந்தது. கட்டியவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் போனார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது பிடிபடவில்லை. உலகமெல்லாம் பயன்படுத்துகிற இன்ஜின்தான் அவர்களுக்குப் பழக்கம். அதற்கே மாறுகிறோம் என்று ஒரு வீடியோ காலில் அறிவித்தார்கள். அங்கே நல்ல காலை, நல்ல சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் தொட்டிச்செடி. இங்கே எங்கள் மைக் எல்லாம் மியூட்டில்.

செய்தி வெளியானதும் தம்பி பேக்கரியிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ரொட்டி வாங்கிவந்தான்.

"இன்ஜின் மாத்திட்டாங்களாம்க்கா! இனிமே வேற லெவல். அந்த மழையே இப்ப டபுளா இருக்கும் பாரு."

பாதியை எனக்கு வெட்டிக் கொடுத்தான். தின்றேன்.

புது இன்ஜினில் முதல் தெருவைத் திறந்தபோது, தெரு ஆடியது.

நான் ஈரத்தை வைத்தது பச்சை நிறத்தில். தரைத் துண்டுகளின் ஒவ்வொரு முனையிலும் பச்சையை ஏற்றிவைப்பேன். எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஈரம் என்று பழைய இன்ஜின் புரிந்துகொள்ளும். திரையில் பச்சை தெரியாது, ஈரம் மட்டும்தான் தெரியும். அது எங்களுக்குள் இருந்த வழக்கம். புது இன்ஜினை அங்கே அமைத்தவர்கள் அதே பச்சையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள், எந்தக் கிளை எவ்வளவு அசைய வேண்டும் என்று மரங்களுக்குச் சொல்ல. அவர்கள் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எனவே, எங்கெல்லாம் நான் நீர் தேக்கினேனோ அங்கெல்லாம் கல்தரை, மாடியில் காயும் புடவை போல் எழுந்தது, தாழ்ந்தது. நனையாத இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாக நின்றன.

"ஐயோ, என்ன குரு இது! ரோடு டான்ஸ் ஆடுது!" என்றான் எங்கள் டீம் லீடு. மைசூர்க்காரன், என்னைவிட இளையவன். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் படிந்தவன்; ஆச்சரியம் வந்தால் மட்டும் கன்னடத்து 'குரு' வந்துவிடும். எல்லோரும் என் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"நம்ம பெங்களூர் ரோடு எவ்ளோ தேவல. குழி இருந்தாலும் ஒரே எடத்துல நிக்குது," என்றது ஒரு குரல்.

நானும் சிரித்தேன்.

அழிந்து போகவில்லையே, இடம் மாற்றி வைத்தால் போதுமே என்று லீடிடம் சொன்னேன். பச்சையிலிருப்பதை நீலத்துக்கு நகர்த்திவிடலாம். இனி மழைக்கு நீலத்தைப் பார் என்று அங்கிருந்து புது இன்ஜினுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவன் எழுதினான். கூட்டத்தில் கேட்டான். மறுபடி எழுதினான். கடைசியில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இது ஒப்பந்த ஸ்கோப்ல இல்லன்றாங்க மேடம். புது இன்ஜின்ல மழை தானா நனைச்சுக்குமாம். பச்சைய தொடச்சிடச் சொல்றாங்க."

"ரசிகருங்க அந்த டிரெய்லரத்தானே பாத்து வெச்சிருக்காங்க?"

"அதையும் சொன்னேன். அவங்க நல்லவங்கதான் மேடம். அங்கயும் இத முடிவு பண்ற பவர் யாருக்கும் இல்ல போல."

"பின்ன யாருக்குத்தான் இருக்கு?"

"கொத்தில்ல மேடம்," என்று கையை விரித்தான். தெரியவில்லை என்பதைச் சொந்த மொழியில் சொன்னால் கொஞ்சம் பாரம் குறையும் போலும்.

ஃபைல்கள் என் பெயரில் பூட்டியிருந்தன. நான்தான் திறக்க வேண்டும். திறந்தேன். தெருவைத் தேர்ந்தெடு, பச்சையைப் பூஜ்யமாக்கு, சேமி. அடுத்த தெரு. தீட்டுவதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொண்ட சந்து, டீ ஆறுவதற்குள் அடங்கிப் படுத்தது. ஒவ்வொன்றாக ஆட்டம் நின்றது. யாரோ கை தட்டினார்கள். நல்லவிதமாகத்தான் தட்டினார்கள். பிறகு புது மழையை ஓடவிட்டோம். அது குறையில்லாமல் பெய்தது. எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பெய்தது. கடைக் கூரையின் கீழும், வளைவுக்குள்ளும், படிக்கட்டு மறைவிலும், கல்யாண மண்டபத்து கிரானைட் மாதிரி ஒரே பளபளப்பு. ஒதுங்கி நிற்க ஓர் அடி இடமில்லை அந்த நகரத்தில்.

இரண்டாவது டிரெய்லர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசைக் கல்லைப் போட்டிருந்தேன். தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டிவியில் புதியது, போனில் பழையது, இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திவைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைக்குள்ளயும் நனைஞ்சிருக்குக்கா. மேல கூரை இருக்கு, கீழ ஈரம். எப்பிடிக்கா?"

"தெரியலடா."

"மொத டிரெய்லர்ல வேல செஞ்ச ஆள தூக்கிட்டாங்களா? இல்ல அந்த ஆளே சோம்பேறி ஆயிட்டானா?"

தோசை கருகும் வாசனை வந்தது. நான் நகரவில்லை.

"நீ இந்த ஃபீல்டுதானே, சொல்லு. புது இன்ஜின்ல அந்த மாதிரி வராதா?"

"வரும்."

"அப்ப ஏன் செய்யல?"

வாயைத் திறந்தேன். கையெழுத்து, வேலை, வீட்டு வாடகை, எல்லாம் வரிசையாக வந்து நாக்கின் மேல் உட்கார்ந்தன. "சில சமயம் அப்படித்தான்டா ஆயிடுது," என்றேன்.

அவன் போனில் ரசிகர்கள் கூடும் பக்கத்தைத் திறந்தான். ஆங்கிலத்தில் வேகமாகத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். விடைத்தாளில் சிவப்பு மையோடு உட்காரும்போது வருகிற அதே முகம்.

"அக்கா, தரையில ஈரம் எங்க வரணும்னு பாக்கற ஆளுக்கு உங்க பாஷையில என்ன பேரு? கரெக்டான பேரப் போட்டுத் திட்டுனாதான் அவங்களுக்கு ஒறைக்கும்."

சொன்னேன்.

"ஸ்பெல்லிங்?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டான்; திருத்தினேன். அனுப்பினான். போனை எனக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தான். கீழே எங்கெங்கோ விழித்திருப்பவர்கள் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொண்டே போனார்கள்.

"பாரு, அத்தன பேரும் நம்ம கட்சி," என்றான்.

"ஆமாண்டா," என்றேன். கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைச் சுரண்டப் போனேன்.