ஒரு பாயில் நாலு போர்டு

பள்ளிக்கூடத்துல எத்தனை போர்டு வேணும்னாலும் இருக்கட்டும், சாயங்காலம் அஞ்சரை மணி ஆயிட்டா எல்லாம் எங்க வீட்டு முன்னறையில ஒரே பாயிலதான் வந்து உட்காரும். நான் சங்கரன்கோவில்ல டியூஷன் எடுத்துப் பிழைக்குதவ. கவர்மெண்டு பள்ளிக்கூடம், மெட்ரிக், சி.பி.எஸ்.இ., வெளியூருக்கு வேன்ல போய்ப் படிக்குத ஐ.சி.எஸ்.இ.ன்னு நாலு தினுசுப் பிள்ளைகளும் எங்கிட்ட வருது. நாலுக்கும் ஒரே பசி, ஒரே கொட்டாவி. இலை எப்படிச் சாப்பாடு தயாரிக்குதுன்னு நாலு புஸ்தகத்துலயும்தான் போட்டிருக்கான். ஒண்ணுல வழவழ தாளு, ஒண்ணுல சாதாத் தாளு, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

ஏப்ரல், மே வந்தா எனக்குப் பாடம் நடத்துத வேலை கிடையாது. "டீச்சர், எந்தப் போர்டு நல்லது?"ன்னு கேட்டு வாரவங்களுக்குப் பதில் சொல்லுததுதான் வேலை. என்னைப் போல டியூஷன் எடுக்குத அக்கா தங்கச்சிமாருக்கும் சரி, பிள்ளையைப் பெத்துட்டு தூக்கத்தைத் தொலைச்சுட்டு நிக்குத தாய் தகப்பன்மாருக்கும் சரி, இந்தப் பாடு புதுசு இல்ல. நாம எல்லாரும் ஒரே வண்டியில இடிபட்டுக்கிட்டுப் போறவுகதான். ஆனா நான் இங்க சொல்லுதது முக்காவாசி ஒரே ஒரு பிள்ளையோட கதை. அதை நெனைச்சா இப்பவும் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு.

மல்லிப்பூ வாசம்

மாடசாமி அண்ணாச்சிக்கு மேலநீலிதநல்லூர் பக்கம் கொஞ்சம் நிலம். அதுல மல்லி போட்டிருக்காக. காலையில பூ மார்க்கெட்டு, சாயங்காலம் மகளை டி.வி.எஸ். வண்டியில வச்சு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாரது, இதுதான் அவுக வாழ்க்கை. மகள் பேரு கோமதி. நம்ம ஊரு அம்மன் பேருதான். அப்போ ஊர்லயே கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ். வாயாடின்னா அப்படி ஒரு வாயாடி. நான் ஒரு வரி சொல்லி முடிக்குமுன்ன ஒம்பது 'ஏன்' கேப்பா.

பாடம் முடியுத வரைக்கும் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியவே வண்டிப் பக்கத்துல நிப்பாக. "உள்ள வந்து உட்காருங்க அண்ணாச்சி"ன்னு நானும் தினமும் சொல்லுவேன். "இருக்கட்டும் டீச்சர், மேலெல்லாம் மண்ணு"ன்னு சிரிச்சிட்டு அங்கனயே நிப்பாக. ஒருநாள் மட்டும் கேட்டைத் திறந்து ரெண்டு எட்டு உள்ள வந்து, துண்டைக் கையில சுருட்டிக்கிட்டுக் கேட்டாக: "இவ டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுதா டீச்சர். அதுக்கு எந்த வாசல் வழியாப் போகணும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் சுமந்துட்டு வந்துருதேன்."

துபாய்ல இருந்து போன்

அடுத்த தெரு ரஹ்மத்தோட மகன் அசாரும் அதே பாயிலதான் உட்காருவான். ரஹ்மத்துக்குப் பிறந்த ஊரு கடையநல்லூரு, வீட்டுக்காரர் துபாயில. அங்கன அவர் ரூம்ல கூடத் தங்கியிருக்குதவர் ஒரு போர்டு சொன்னா, இங்கன அசாருக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறும். ஏழாங்கிளாஸுக்குள்ள மூணு போர்டு பாத்துட்டான் அந்தப் பய. மூணு கலர் யூனிபார்ம் வீட்டுல கொடியில தொங்குது.

ஒருநாள் பாடம் நடக்கையிலே ரஹ்மத் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வந்து நிக்கா. "டீச்சர், நீட்டுப் பரீட்சை முழுக்க சி.பி.எஸ்.இ. பாடத்துலதான் கேக்கானாமே! மத்த போர்டுல படிச்ச பிள்ளைக்கு டாக்டர் சீட்டே கிடைக்காதாமே!"ன்னு அவ வீட்டுக்காரர் போடுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கு. 'சி.பி.எஸ்.இ. புஸ்தகத்தை வாங்கி நானே நடத்துதேன், பள்ளிக்கூடத்தை மாத்த வேண்டாம்'னு நான் சொன்னது போனுக்கு எட்டுச்சோ என்னவோ, அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. கேட்டுக்கு வெளிய மாடசாமி அண்ணாச்சி இம்மி அசையாம நின்னு அம்புட்டையும் கேட்டுக்கிட்டு இருந்தாக. ரஹ்மத் போனைப் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னா: "வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வாராக டீச்சர். மத்த பதினோரு மாசமும் இந்தப் புள்ளைக்கு வாப்பான்னா போர்டு மாத்துத போன்தான்."

காலி சேரு

அந்த ஜூன்ல கோமதி ஆறாங்கிளாஸுக்கு டவுன்ல ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்துக்குப் போனா. அண்ணாச்சிகிட்டயும் நான் அதையேதான் சொன்னேன், பள்ளிக்கூடம் மாத்த வேண்டாம், புஸ்தகம் மட்டும் போதும்னு. 'டீச்சர் நம்ம செலவை நெனைச்சுச் சொல்லுதாக'ன்னு அவுகளா எடுத்துக்கிட்டாக. வீட்டுல யாருக்கும் டை கட்டத் தெரியாது. கடைக்காரர் கட்டிக் குடுத்த முடிச்சை அவுக்காம, தலை வழியா மாட்டி இறுக்கிக்கிட்டு வருவா. வாயாடிப் பிள்ளைக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஒரு 'ஏன்' கிடையாது. கேட்டா, "புரியுது டீச்சர்"ன்னு தலையை ஆட்டுவா.

கோயில்ல ஆடித் தபசுத் திருவிழா முடிஞ்ச வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்துச்சு. அண்ணாச்சி மார்க்கெட்டுல பூவைப் போட்டுட்டு, சட்டை ஈரம் காயாம நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காக. கிளாஸ் மிஸ் இங்கிலீஷ்ல என்னமோ கேக்க, இவுக எல்லாத்துக்கும் "எஸ் மிஸ், எஸ் மிஸ்"னு சொல்லியிருக்காக. அந்தம்மா கேட்டது, 'வீட்டுல பாடம் சொல்லிக்குடுக்க ஆளே இல்லையா'ன்னு. பின்னால பிள்ளைகள் எல்லாம் சிரிச்சிட்டு. அந்த வருஷத்தைப் பல்லைக் கடிச்சிக்கிட்டு முடிச்சா கோமதி. அப்புறம் 'எனக்கு இங்கிலீஷ் வரல, பழையபடி கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கே போறேன்'னு வீட்டுல அழுது சாதிச்சிட்டா. ஏழாங்கிளாஸ் மறுபடியும் கவர்மெண்டுல. உண்மைக் காரணத்தை எங்கிட்ட மட்டும் சொன்னா, அதுவும் மத்த பிள்ளைகள் எல்லாம் போன பொறவு: "எங்கப்பா முழு நேரமும் நின்னாங்க டீச்சர். பக்கத்துலயே காலி சேரு கிடந்துச்சு. உட்காருங்கன்னு ஒருத்தரும் சொல்லல."

டி.வி.யில வந்த சேதி

கொரோனா வந்து பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்த காலம். கோமதி எட்டாங்கிளாஸ். போன வாய் திரும்பி வந்து, மறுபடியும் 'ஏன், ஏன்'னு உயிரை எடுக்க ஆரம்பிச்சிருந்தா. ஒருநாள் மாஸ்க்கை நாடியில இறக்கி விட்டுக்கிட்டு அண்ணாச்சி வாராக. கையில ஒரு பந்து மல்லி, கூட அல்வாப் பொட்டலம். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்புல தனியா இடம் ஒதுக்கியாச்சுன்னு டி.வி.யில சொல்லிட்டானாம்.

எனக்கும் சந்தோஷத்துல கண்ணு கலங்கிட்டு. பூ வித்துப் பிழைக்குத மனுஷன் வீட்டுக் கதவை சாமியே வந்து தட்டுன மாதிரி இருந்துச்சு. பூவை வாங்கித் தலையில வச்சேன், அல்வாவை வாயில போட்டேன். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே சொன்னாக: "அன்னைக்கு இவ 'இங்கிலீஷ் வரல'ன்னு அழுதது கோமதியம்மன் சொன்ன வாக்கு டீச்சர், நமக்குத்தான் விளங்கல."

ஒரே ஒரு வருஷம்

அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை படிச்ச படிப்பு இருக்கே, சொல்லி மாளாது. மின்சாரம் போனா மெழுகுவத்தியை ஏத்திக்கிடுவா, புஸ்தகத்தை மூட மாட்டா. பன்னிரண்டு முடிச்சா, நீட்டு எழுதுனா. ஊரோட போட்டி போட அந்த மார்க் காணாது. ஆனா கவர்மெண்டுப் பிள்ளைகளுக்கான இடத்துக்கு தாராளமாக் காணும். மேலநீலிதநல்லூர் பூராவும் 'டாக்டரம்மா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டு. அந்தச் சமயத்துலதான் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் வரச் சொல்லி ஆள் விட்டாக. அண்ணாச்சி, கோமதி, துணைக்கு நான், மூணு பேரும் போனோம்.

அந்தம்மா எங்களை உட்கார வச்சு, தண்ணி குடுத்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாக. அந்த இடம் கிடைக்கணும்னா ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணுமாம். நடுவுல ஒரு வருஷம் பணம் கட்டிப் படிச்சாலும் போச்சு. மேல பேசிப் பாத்துட்டாகளாம், முடியாதுன்னுட்டாகளாம். எனக்கு வந்த ஆத்திரத்துல மேசையைத் தட்டிட்டேன். பிள்ளை ஆறாங்கிளாஸ் படிச்சது முந்தி, சட்டம் வந்தது பிந்தி. பிறக்காத சட்டத்துக்கு முன்கூட்டியே எப்படிய்யா பயந்து நடக்கிறது? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலியே! அண்ணாச்சி மட்டும் கோபப்படல. நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னுக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டாக: "அந்த ஒரு வருஷம் கவர்மெண்டுக்கு நான் ஒரு பைசா செலவு வைக்கலையே டீச்சர். அதுக்குத் தண்டனையா?"

இங்கிலீஷ் வரல

திரும்பி வார வழியில எங்க வீட்டு வாசல்ல என்னை இறக்கி விட வந்தாக. அண்ணாச்சிக்கு வண்டியை மறுபடி கிளப்ப முடியல. "எல்லாம் நான் செஞ்ச வேலை டீச்சர். சும்மா கிடந்த பிள்ளையை நான்தான் கொண்டு போய் அங்கன தள்ளுனேன்"னு நெத்தியில அடிச்சுக்கிட்டாக. அடிக்காதிக அண்ணாச்சின்னு கையைப் பிடிச்சேன். தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாக்காக. பிள்ளை கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அதைப் பாக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.

கொஞ்சம் ஆசுவாசம் ஆனதும் அண்ணாச்சி மகளைப் பாத்துக் கேட்டாக. "ஏட்டி, நீ அங்கனயே இருந்திருந்தாலாவது இன்னும் நல்லாப் படிச்சு ஊரோட போட்டி போட்டு வாங்கியிருப்பியே. ஏன் மக்கா அப்போ வந்தே?" கோமதி என்னை ஒரு பார்வை பாத்தா. வாயைத் திறக்காதிகன்னு கெஞ்சுத பார்வை. அவ அப்பா தோள்ல கிடந்த துண்டைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னா: "இங்கிலீஷ் வரலப்பா. வேற என்ன?"

தங்கச்சி

இன்னொரு தடவை எழுதுன்னு எல்லாரும் சொன்னோம். "போதும் டீச்சர்"ன்னுட்டா. இப்போ காலேஜ்ல கணக்குப் பாடம் படிக்கா. சாயங்காலம் வந்து எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுதா, சின்னப் பிள்ளைகள் 'ஏன்'னு கேட்டா சலிக்காமப் பதில் சொல்லுதா. கழுத்துல ஸ்டெதாஸ்கோப்போட இருக்க வேண்டிய பிள்ளை, என் பாயில சாக்பீஸைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

போன வாரம் அண்ணாச்சி சின்ன மகள் சங்கரியைக் கூட்டிட்டு வந்தாக. அவளுக்கு இந்த ஜூன்ல ஆறாங்கிளாஸ். "டீச்சர், இவ விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன். நீங்க எந்தப் போர்டு சொல்லுதிகளோ அதுதான்"னாக. நான் ஒரு சேரை இழுத்துப் போட்டேன். அதுலயும் உட்காரல. கவர்மெண்டுன்னு சொன்னா நாளைக்கு அந்தச் சட்டம் மாறிட்டா என்ன செய்ய? சி.பி.எஸ்.இ.ன்னு சொல்ல நாக்கு எந்திரிக்கவே இல்ல. நான் முழிச்சிக்கிட்டு நிக்கேன், நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்த கோமதி நிமிராமலே பேசினா. "எங்கன வேணா சேருங்கப்பா. மீட்டிங்குக்கு மட்டும் நான் போறேன்." அண்ணாச்சிக்கு ஒண்ணும் விளங்கல. "ஏன்ட்டி, நான் வந்தா என்ன?"ன்னு சிரிச்சாக. அவ அந்தக் காலிச் சேரைப் பாத்தா, அப்புறம் அவுகளைப் பாத்தா. "நீங்க வந்தா நின்னுக்கிட்டே இருப்பீங்கப்பா."

எந்தப் போர்டு நல்லதுன்னு இன்னும் கேட்டுக்கிட்டு வாரவங்களுக்கு என்னால சொல்ல முடிஞ்சது இம்புட்டுத்தான்: பிள்ளையோட அப்பாவுக்கு ஒரு சேர் போடுத பள்ளிக்கூடமாப் பாத்துச் சேருங்க, பாடத்தை என் பாய் பாத்துக்கிடும்.