தோல் தெரியாத ராடார்

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையொன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஜெயகரனுக்கு, தான் அங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லை என்ற எண்ணம் உண்டு. பல்பு மாற்றக் கூப்பிட்டால்கூட, பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வந்தவன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருவான். 1987இல் கிடங்கிலிருந்து தோல்கள் காணாமல் போக ஆரம்பித்ததும், மேனேஜர் கிருபானந்தத்திடம் போய், "ராடார் செஞ்சு தர்றேன் சார், திருடன் தப்பவே முடியாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

மூன்று மாதம் அதிலேயே போயிற்று. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர், உடைந்த வெளிநாட்டுக் கேமராவிலிருந்து பிடுங்கிய அல்ட்ராசோனிக் சென்சார், பழைய மேசை விசிறியின் தலையாட்டும் பாகம். இவற்றைக் கோத்துச் செய்த ராடார் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். பக்கத்தில் ஏதாவது இருந்து ஒலி பட்டுத் திரும்பினால் மணி அடிக்கும். வீட்டில் வைத்துப் பார்த்தான். சுவர், பீரோ, மனைவி டோரதி எல்லாவற்றுக்கும் அடித்தது.

"என்னைக் கண்டுபுடிக்கவா மூணு மாசம்? கூப்ட்டிருந்தா வந்திருப்பேனே" என்றாள் டோரதி. விஞ்ஞானிகளின் மனைவியர் எந்த நாட்டிலும் இப்படித்தான் என்று அவன் அவளை மன்னித்தான்.

கிடங்கில் வெள்ளோட்டம். முதலாளி ஆபித் பாஷா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொழிலாளி கன்னியப்பன் இரும்பு வாளியோடு நடந்தான், மணி அலறியது.

"நம்ம ஐடியாதான் சார்" என்று முந்திக்கொண்டார் கிருபானந்தம். "இப்ப பாருங்க, நான்தான் திருடன்."

மெத்தென்ற ஸ்வேட் தோல் நாலை உருவி, உடம்பைச் சுற்றிக் கண்மூடித் திறப்பதற்குள் கட்டிக்கொண்டார். நடந்தார். மணி அடிக்கவில்லை. திரும்பி நடந்தார். அப்போதும் இல்லை.

ஜெயகரன் ராடாரைத் தட்டிப் பார்த்தான். "சார், மெத்துனு இருக்கிற தோலு சத்தத்தை முழுங்கிடுது..."

"வாளி போனா புடிக்கும், தோலு போனா புடிக்காது" என்றார் பாஷா. "நாம இன்னா வாளி ஃபேக்டரியா நடத்துறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஷா மட்டும் சிரிக்காமல் கிருபானந்தத்தின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சரி, ஒரு மடிப்புகூட விழாம இவ்ளோ சுருக்கா கட்றீங்களே, எங்க கத்துக்கினீங்க?"

கிருபானந்தம் அவசர அவசரமாகத் தோலை அவிழ்க்க ஆரம்பித்தார். அன்று மாலையே அவர் வீட்டுப் பரணிலிருந்து நாற்பது தோல்கள் இறங்கின. மறுநாள் அவர் வேலையில் இல்லை.

ஊர் முழுக்க ஜெயகரன் சொல்லித் திரிந்தான்: "என் ராடார்தான் புடிச்சது."

"மணியே அடிக்கலியே?" என்றான் கன்னியப்பன்.

"அடிக்காததுதாய்யா டெக்னிக்கு!"