மகன் தின்ற கடைசிப் பக்கம்

போர்டிங் பள்ளியில் பதினான்கு வயதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் படித்த துப்பறியும் நாவல் ஒன்று, போன மாதம் என் பெட்டியின் அடியில் அகப்பட்டது. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது துணிமணிகளோடு வந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேதாகமமும் ஞானப்பாட்டுப் புத்தகமும் தவிர வேறெதையும் படிக்கக் கூடாது. எனக்கோ கோயிலுக்குப் போய்வந்த பிறகு கிடைக்கும் அந்த மத்தியானம் ஒன்றுதான் ஓய்வு. ஆகவே பாட்டுப் புத்தகத்தின் துணியுறையைக் கழற்றி நாவலுக்கு மாட்டிவிட்டேன். அது பாவமா என்று கொஞ்சம் யோசித்தேன், பிறகு படித்தேன்.

பாவத்துக்குத் தகுந்த புத்தகம் இல்லை. துப்பறிகிறவன் மீசை முளைக்காத பையன். கால்தடத்தை மோந்து பார்த்தே கொலைகாரனின் ஊரைச் சொல்கிறான். பாபநாசத்தில் ஆற்றில் குதித்துப் பல மைல் தள்ளிக் குறுக்குத்துறையில் எழுகிறான், அதுவும் தலைப்பாகை நனையாமல். கதாநாயகிக்கு மூர்ச்சை போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இதற்கா அன்று நடுங்கினேன்? சலிப்பில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது, பக்கத்தில் கிடந்த என் ஒன்பது மாத மகன் கடைசிப் பக்கத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் மசி. விரலை விட்டுத் தோண்டியும் ஒரு துணுக்குதான் வந்தது. மசியில் விஷம் இருக்குமோ? குடலில் காகிதம் அடைத்துக்கொள்ளுமோ?

என் அலறல் கேட்டு மாமியார் ஓடிவந்தார். துணியுறையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாட்டுப் புஸ்தகமா? தின்னட்டும்ளா. கர்த்தரோட பாட்டு வயித்துக்குள்ள போனா நல்லதுதான். உபதேசியாரா வருவான் பாரு."

"மாமி, கொஞ்சம் வெளக்கெண்ணெ குடுப்பமா?"

"ஏளா, உனக்குக் கிறுக்கா? பாட்டைப் பேதி குடுத்தா வெளியேத்துவாக?"

குழந்தை முக்கினான்.

"அது பாட்டுப் புஸ்தகம் இல்ல மாமி. கொலைக் கதை."

"அட பாவி மவளே! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எண்ணெய எடு!"

அதே காகிதம், அதே மசிதானே என்று சொல்ல வாயெடுத்தேன். எண்ணெய் கிடைத்ததே போதுமென்று அடக்கிக்கொண்டேன். கொடுத்த பிறகு, அளவு கூடிவிட்டதோ என்று அடுத்த பயம் பிடித்தது.

சாயங்கால ஜெபத்துக்கு முன் மாமியார் குழந்தையின் துணியை விரித்துப் பார்த்துக் கூவினார்: "வந்துட்டுளா!" துணியைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும், யாரு கொன்னது?"

"சித்தப்பாதான் மாமி. மொதப் பக்கத்துலயே தெரிஞ்சிரும்."

"தூ! இதுக்கா எம் பேரனை இந்தப் பாடு படுத்தின?"

நான் மகனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இளகியிருந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.