தோற்ற வீட்டுக்கு யார் போவது

அக்காவும் அத்தானும் ஒரே கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நியூ ஜேர்சியில் குடியுரிமை எடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே கட்சிக்குத்தான் வாக்குப் போட்டு வந்தார்கள். மற்றக் கட்சி வென்றால் சேர்ந்திருந்து திட்டுவார்கள், அன்றைக்கு வீட்டில் ஒழுங்கான சமையலும் இராது. அப்படிப்பட்டவர்களை 2008ஆம் ஆண்டு பிரித்தது அவர்களின் சொந்தக் கட்சிதான்.

அமெரிக்காவில் சனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தெரிவு செய்ய உள்ளுக்குள் ஒரு தேர்தல் வைக்கும். அந்த வருசம் ஒரு பெண்ணும் ஒரு கறுப்பினத்தவரும் கடைசிவரை மல்லுக்கட்டினார்கள். அக்கா பெண்ணின் பக்கம், அத்தான் மற்றவரின் பக்கம். நானோ எல்லைக்கு இந்தப் பக்கம், மொன்றியலில் இருக்கிறவள். அந்த நாட்டில் எனக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பனிச்சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடிக்கும். ஒருநாள் அக்கா, மறுநாள் அத்தான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது என் பிழைதான், முதல்நாளே வையுங்கோ போனை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"எடி, ஒரு பொம்பிளை மேல வந்தால் அவளின்ர சிரிப்புப் பிழை, உடுப்புப் பிழை, குரல் பிழை," என்பாள் அக்கா. "எங்கட ஒஃபிஸில நான் வருசக்கணக்காப் பாத்த அதே கூத்துத்தான்."

"மச்சாள், எங்கட நிறத்தில ஒருத்தன் அந்த வெள்ளை வீட்டுக்குள்ள போறதை நான் இந்தக் கண்ணால பாக்கவேணும்," என்பார் அத்தான். அவர் எங்களுக்குச் சொந்த மச்சான் முறை, ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். அக்காவைக் கட்டிய பிறகும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்தில் அக்காவின் ஆள் தோற்றுப்போனார். செய்தி வந்தபோது அத்தானும் அந்த வருசம் வாக்கு வயது வந்த மகனும் ஹோலில் எழும்பி நின்று கை தட்டினார்களாம். அக்கா குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அத்தான் சிரித்த முகத்தோடு சொன்னாராம், "நடந்தது நடந்து போச்சு. இனி எல்லாரும் ஒண்டு. பழசை விடு." அன்றைக்கே அக்கா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு தையல் மெசின் இருக்கும் அறைக்குப் போய்விட்டாள். "இனி இந்த மனுசனோட இருக்கேலாது போல கிடக்கு," என்றாள் எனக்கு. அழவில்லை. அக்கா அழாமல் சொன்னால் பயப்பட வேண்டும், அது எனக்குத் தெரியும்.

என் கணவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். "வோட்டுக்காக ஆரும் புருசனை விடுவினமோ? நவம்பர் வர எல்லாம் சரியாகும்." டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்கிற மனிதர், எதையும் அடுப்பில் வைத்தால் வெந்துவிடும் என்று நம்புகிறவர். எனக்கு அந்த வாக்கு யாருக்கு விழுந்தால் என்ன. அக்கா அந்த வீட்டில் இருப்பாளா, வெளிக்கிடுவாளா என்பதுதான் என் கவலை. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் எங்கே போவாள்?

ஜூலையில் என் மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். வெளியூர்ச் சொந்தங்கள் வரட்டும் என்று கோடை விடுமுறைக்குத் தள்ளி வைத்திருந்தோம். அக்கா குடும்பம் காரில் வந்தது. எல்லை கடந்து மொன்றியல் வரும்வரை காருக்குள் ஒரு கதையும் இல்லை என்று மகன் வந்திறங்கியதும் சொன்னான். அதையும் அவன் ஆங்கிலத்தில்தான் சொன்னான்.

பூசைக்கு முதல்நாள் பின்னேரம் அத்தான் வில்லரேப் பகுதியில் எங்கள் மேல்மாடி பல்கனியில் பியரோடு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். மனதில் பட்டதைச் சொன்னேன்.

"அத்தான், நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போறம். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போறம். தோத்த வீடும் அப்பிடித்தான். வெண்ட ஆக்கள்தான் போகவேணும். போய் ஒண்டும் கதைக்காமல் பக்கத்தில இருக்கவேணும். நீங்கள் கொண்டாட்டத்துக்கு அல்லோ அவவைக் கூப்பிட்டனீங்கள்."

"உமக்கு விசர் மச்சாள். இது எலெக்சன். ஒருத்தரும் சாகேல்லை."

மறுநாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. முப்பது பேர் வரையில் ஹோலிலும் படிக்கட்டிலும் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தார்கள். கேக் வெட்டியதும் அத்தான் எழும்பினார். நல்ல பேச்சுக்காரர், ஊரிலேயே பெயர் எடுத்தவர். பிள்ளையை வாழ்த்தினார். பிறகு அக்காவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எங்கட வீட்டிலயும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. இண்டையோட சரி. இனி எங்கட வீட்டில ஒரே ஆள், ஒரே வோட்டு. என்னப்பா, சரிதானே?" என்றார். சனம் கை தட்டியது. ஒரு கிழவர் விசில்கூட அடித்தார். அக்கா "ஓம்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கோப்பையில் இறைச்சிக் கறியைப் போட்டாள். நான் என் கோப்பையை அப்படியே குசினிக்குக் கொண்டுபோனேன்.

சனம் போனபிறகு குசினியில் நானும் அவளும் பாத்திரம் கழுவினோம்.

"அந்த மனுசி தோத்ததுக்கு இவ்வளவு கோபமோ அக்கா?" என்றேன்.

"அவ தோத்ததில எனக்குக் கவலைதான். கோபம் அதில்லை." துடைத்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தாள். "அண்டைக்குக் காலமை தேத்தண்ணியோட அவர் சொன்ன வசனம் உனக்குத் தெரியேல்லையோ? ஊரில ஸ்பீக்கர்ல கேட்டனாங்களே."

நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். எங்கள் வீட்டில் நடுவில் ஒருவன் இருந்தான், அக்காவுக்குத் தம்பி, எனக்கு அண்ணன். ஊரில் ஆயுத இயக்கங்கள் பல இருந்த காலம், அவன் ஒரு சின்ன இயக்கத்தில் இருந்தான். பெரிய இயக்கம் மற்றவற்றையெல்லாம் முடித்த கிழமையில் அவனை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்புகூட வரவில்லை. அடுத்தநாள் ஒரு வான் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. நடந்தது நடந்து போச்சு, இனி எல்லாரும் ஒண்டு என்று அதில் பெரிய இயக்கத்தின் ஸ்பீக்கரில் அறிவித்துக்கொண்டு போனவர் இந்த அத்தான்தான். அவர் ஒருவரையும் தொட்டதில்லை, வாயால் மட்டும் உழைத்தவர். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பயத்தில் ஒருவரும் வரவில்லை. கோயிலில் அண்ணனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தபோது எங்கள் வீட்டார் இருந்த வாங்கைத் தவிர எல்லா வாங்கும் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு வருசத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த மாப்பிள்ளை என்று அதே ஆளைப் பேசி வந்தபோது, நாட்டை விட்டுத் தப்பினால் போதும் என்று அக்கா தலையாட்டினாள்.

"ஒருநாளாவது அதைப் பற்றிக் கதைச்சவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நானும் கேக்கேல்லை. தானா வருவார் எண்டு இருந்தனான்."

அடுத்தநாள் அத்தான் காரில் பெட்டிகளை அடுக்கும்போது கீழே இறங்கிப் போனேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு, என்றாலும் அமைதியாகவே சொன்னேன். "அத்தான், அண்ணை போன நேரம் நீங்கள் எங்கட வீட்டை வரேல்லை. இப்பவாவது ஒருக்கா அக்காவோட அதைக் கதையுங்கோ."

அவர் முகம் செத்துப்போனது. மூடப்போன கார் டிக்கியைத் திரும்பவும் திறந்தார். சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அது பழங்கதை மச்சாள். இப்ப ஏன் கிண்டுறீர்? நவம்பர்ல வெல்லவேணும். அவவை வோட்டுப் போடச் சொல்லும், அது காணும்," என்றார். டிக்கியைப் பூட்டினார்.

நவம்பர் வந்தது. வாக்களிப்புக்கு அடுத்தநாள் மத்தியானம் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு இருந்தபோது தொலைபேசி. அத்தானின் குரல் அடைத்துப் போயிருந்தது, இரவு முழுக்கக் கத்தியிருக்கிறார். வென்றுவிட்டார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "இந்தாரும், உம்மட கொக்காவோட கதையும்," என்று போனைக் கொடுத்தார்.

அக்கா ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"போட்டனியோ?" என்றேன்.

"போட்டனான். விடியவே போய் வரிசையில நிண்டு அந்தப் பெடியனுக்குத்தான் போட்டனான். அவனில எனக்கு என்ன கோபம்? கட்சியோட நான் எப்பவோ ராசி."

"அப்ப அத்தானோட?"

வெளியே யாரோ சிரித்தார்கள். நண்பர்கள் வந்திருந்தார்கள் போல. "இருபது வருசம் பாத்திட்டன்," என்றாள். "சனிக்கிழமை பஸ்ஸில வாறன். வாற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறன்."

வா என்று மட்டும் சொன்னேன். கதவு திறந்தது, போன் கை மாறியது.

"கேட்டீரோ மச்சாள்?" என்றார் அத்தான். "எங்கட வீட்டில மூண்டு வோட்டும் ஒரே ஆளுக்கு."

அவருக்கு இன்னும் தெரியாது. "சந்தோசம் அத்தான்," என்றேன்.