தராசு அக்கா கண் மூடிய நேரம்

கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருக்கிறார் தராசு அக்கா. தூக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இருக்கைமேல் மடக்கி, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரையில் ஒரு நாய்க்குடும்பம் சிவப்புத் துண்டு பறக்கப் பறந்து ஊரைக் காப்பாற்றுகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் கூரை அதிரக் கத்துகிறார்கள்.

எந்தக் கார்ட்டூன் படமானாலும் நடுவில் கொஞ்ச நேரம் இப்படிக் கண்ணை மூடுவது அவர் வழக்கம். "கண்ணு கலரைப் பார்த்து மயங்கிடும். காது மயங்காது. யாரைப் பேச விடறாங்க, யாரைக் கத்த மட்டும் விடறாங்கன்னு கண்ணை மூடினாத்தான் தெரியும்" என்பார்.

வார இதழ் ஒன்றில் சிறுவர் படங்களுக்கு விமரிசனம் எழுதி, ஐந்துக்கு மதிப்பெண் போடுவது அவர் தொழில். யாருக்கும் இதுவரை ஐந்து கிடைத்ததில்லை. தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். படத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர்களை அச்சில் போட முடியாது. ஒருமுறை சக்கர நாற்காலியில் வந்த பெண்குழந்தையைக் கொட்டகைக்காரர்கள் கழிப்பறைக் கதவோரம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அக்கா எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். குழந்தை இருக்கைகளுக்கு நடுவிலிருந்த வழிக்கு வந்த பிறகுதான் அன்றைக்குப் படம் ஓடியது.

பேசும் விலங்குகள் என்றால் அவருக்குத் தனிக் கோபம். "சிங்கம்னா ராஜா, கழுதைன்னா முட்டாள். யாருப்பா இதுங்களுக்கு உத்தியோகம் பிரிச்சுக் குடுத்தது? மனுசனைப் பிரிச்ச அதே ஆளுங்கதானே?"

இந்த நாய்ப் படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த கடைசித் தம்பி, படத்தை வரைந்த குழுவில் ஒருவன். "வேற யாரையாவது எழுதச் சொல்லலாமே?" என்று ஆசிரியர் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"வேற யாரு இருக்கா இங்க? 'என் தம்பி வேலை பார்த்த படம்'னு முதல் வரியிலேயே போட்டுடறேன். படிக்கிறவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

தம்பிக்கும் கட்டளை போனது. "எது நீ வரைஞ்சதுன்னு மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா என் கை நடுங்கும்."

கை நடுங்கவில்லை. படத்தில் அப்பா நாய் தன் குட்டிகளிடம் "வீரம் நம்ம ரத்தத்துலயே ஊறினது" என்கிறது. சாக்கடையில் வாழும் எலிகள்தான் வில்லன்கள். அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. தெருவோரம் பிழைப்பவர்களின் பேச்சை அவற்றின் வாயில் திணித்திருந்தார்கள். அக்கா எழுதினார்: "பிறப்பால் வீரன், பிறப்பால் திருடன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இத்தனை வண்ணம் எதற்கு? இந்தப் படத்தில் எந்த எலியும் ஒரு நல்ல காரியம் செய்வதில்லை." மதிப்பெண் இரண்டு.

இதழ் வெளிவந்த அன்றே தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மார்க்குக்காக வரலக்கா. ரெண்டு போடு, சைபர் போடு. எந்த எலியும் நல்லது செய்யலன்னு எழுதினியே, அது பொய்."

"என்னடா பொய்? முழுசா உட்கார்ந்து பார்த்தேன்."

"பாதியக் காதால பார்த்தே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி சொன்னான். வெள்ளம் வரும் காட்சி. வசனமே கிடையாது. கரையேறித் தப்பிவிட்ட ஒரு கிழட்டு எலி திரும்பி வந்து, மூழ்கப்போகும் நாய்க்குட்டியைத் தூக்கித் திண்டில் வைத்துவிட்டுப் போய்விடும். "எலிய நல்லவனாக் காட்டினா கதை கெட்டுடும்னு டைரக்டர் ஒத்துக்கல. ஒரு வார்த்தை பேசாம வெச்சுக்கறேன்னு மல்லுக்கட்டி வாங்கினேன். குட்டியத் தூக்கற அந்த எலியோட கைய மட்டும் அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். யாரு கவனிக்காட்டியும் நீ கவனிப்பேன்னு நெனச்சேன்."

அக்கா ஆசிரியருக்குப் போன் போட்டார். "காட்சி இருந்துச்சுன்னா அடுத்த இதழ்ல திருத்தம் வரும். கட்டம் கட்டிப் போடணும்."

"வேண்டாம்மா. தம்பிக்காக வளைஞ்சிட்டீங்கன்னு சிரிப்பாங்க. இத்தனை வருசம் சம்பாதிச்ச பேரு."

"சிரிக்கட்டும். பார்க்காம எழுதினவ நான். அதைச் சொல்ல வாய் வரலன்னா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்தவங்களைக் கேள்வி கேட்பேன்?" போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "கிளம்புடா. நீ சொன்னேங்கறதுக்காக எழுத மாட்டேன். என் கண்ணால பார்க்கணும்."

"மார்க்கு ஏறுமாக்கா?"

"ரெண்டுதான். ஒரு எலி நல்லவனா இருந்துட்டா அந்த ரத்தக் கதை சரியாயிடுமா?"

தம்பி சிரித்துவிட்டான். "உன்கிட்ட ஓசில ஒண்ணும் தேறாதுக்கா."

மறுபடி அதே கொட்டகை. பாதிக்குமேல் காலி. இந்த முறை அக்கா இமைக்கவே யோசித்தார். வெள்ளம் வந்தது. கிழட்டு எலி கரையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. நீருக்குள் நீண்ட அந்தக் கையில் நகம் ஒன்று உடைந்திருந்தது. குட்டியின் கழுத்துக்கடியில் போகும்போது, குத்திவிடக் கூடாதென்று விரல்கள் உள்ளே மடங்கின. அவ்வளவுதான். முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒரு பொடியன் சட்டென்று வாயை மூடினான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏசியைக் கொஞ்சம் கொறைக்கலாம்" என்றார்.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. உழைத்தவர்களின் பெயர்கள் எறும்புச் சாரிபோல மேலே ஏறத் தொடங்கியதும் சனம் வெளியேறியது. "வாக்கா, போலாம்" என்றான் தம்பி. அக்கா நகரவில்லை. வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா."

"இருங்க, இருங்க… அதோ பாருங்க, மேல… என் தம்பி!"

அந்தப் பெண் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்து தேடினாள். அதற்குள் எழுத்துகள் ஓடி மறைந்து திரை வெள்ளையாகிவிட்டது. திரையைக் காட்டிய அக்காவின் விரல் இறங்கவில்லை. மெல்லத் திரும்பி, பக்கத்தில் நெளிந்துகொண்டு நின்றவனின் நெஞ்சில் போய் நின்றது.