துணிக்கூரைக்குக் கீழே என் தலை

என் உயரத்தை நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. கரவெட்டியில் உள்ள கதவு நிலைகள் எல்லாம் என் நெற்றியால் அளந்து வைத்திருக்கின்றன. கலியாண வீட்டுப் படங்களில் எனக்கு எப்போதும் பின்வரிசைதான். அப்படியும் போதாமல் படம் எடுப்பவன் "அண்ணை, கொஞ்சம் குனியுங்கோ" என்பான். குனிகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மிச்சத்தை இரும்பிடம் படித்தேன். நெல்லியடி வீதியில் பட்டறை போட்டு, வடமராட்சியில் ஓடிய மினிவான்களுக்கெல்லாம் சீற், அதாவது இருக்கை, அடித்தவன் நான். இரும்பை வெட்டுவது, வெல்டிங்கில் ஒட்டுவது, பஞ்சு வைப்பது, றெக்சின் தைப்பது எல்லாம் என் கைதான். கடலைப் பொட்டலத்தில் கடலை அடைப்பதுபோல மினிவானுக்குள் சனத்தை அடைக்கவும் தெரியும், அடைத்த சனம் முறைப்பாடு சொல்லாமல் இறங்கவும் செய்யத் தெரியும். அந்தக் கெட்டித்தனம் எல்லாருக்கும் வராது.

பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொரு கரையில் ஏறிவிட்ட பிறகு, எனக்கென்று ஒரு ஆசைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டு பேருக்கு மட்டும் இடம். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். சிவப்பு நிறம், யப்பான் கார், பழையது. நெல்லியடிச் சந்தியில் அப்படி ஒன்று வந்து நின்றதை நான் கண்டதில்லை. நிற்பாட்டியவன் நான்தான்.

வாங்கும்போது ஒரு பிழை நடந்தது. கொழும்பில் விற்கிறவரின் வீட்டு முற்றத்தில் இஞ்சினைக் காதால் கேட்டுப் பார்த்தேன். கீழே படுத்துத் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். ஏறி உட்காரப் போகிற நேரம் மனைவி தொலைபேசியில் வந்துவிட்டா. ராகுகாலம் தொடங்கப் போகிறது, அதற்கு முதல் அட்வான்சைக் கொடுத்துவிடுங்கோ என்றா. கொடுத்தேன், வெற்றிலையோடு. கொடுத்து முடிய ராகுகாலமும் தொடங்கிவிட்டது. ராகுகாலத்தில் புது வாகனத்தில் முதன்முதல் ஏறி உட்காருவார்களா? உட்காரவில்லை. கார் லொறியில் ஏறி யாழ்ப்பாணம் வந்தது. நான் பஸ்ஸில் ஏறி வந்தேன்.

வீட்டு முற்றத்தில், நல்ல நேரம் பார்த்து ஏறினேன். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கத்திலும் எழும்பி நின்றன. முன்கண்ணாடியின் மேல்சட்டம் சரியாக என் கண்ணுக்கு நேரே. சட்டத்துக்கு மேலே வானம் தெரிந்தது, றோட்டைப் பார்க்க வேண்டுமானால் தாடையை நெஞ்சில் குத்த வேண்டும். கூரையை மூடிப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் மடிந்து, காது தோளில் முட்டியது.

வேலியோரம் நின்ற மச்சான் சிரித்த சிரிப்பில் காகம் எழும்பிப் பறந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். உயரம் என் நெஞ்சுக்கு வருவான். மினிவானில் என் சீற்றில் முழங்கால் இடிக்கிறது என்று அந்தக் காலத்திலேயே சொல்லிக்கொண்டு திரிந்தவன், இப்போது பழி தீர்ந்த முகத்தோடு வந்து, நான் இறங்கிய கையோடு ஏறி உட்கார்ந்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கூரையை மூடினான். தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம்.

"அத்தான், உது எனக்கெண்டே செய்த கார். வெள்ளிக்கிழமை பூசைக்கு நான் இதை ஓடிக்கொண்டு வாறன். நீங்கள் பின்னாலை மோட்டர் சைக்கிளிலை வாங்கோவன்."

வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலில் வாகனப் பூசை என்று சந்தி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நானே காரை ஓட்டி வருவேன் என்றும் சொல்லியிருந்தேன். மனைவி தம்பியின் பக்கம். இந்த வயதில் உங்களுக்கேன் இது, அவனே ஓடட்டும் என்றா. எனக்கு வாய் முந்திவிட்டது.

"நான்தான் ஓடுவன். கூரையை மூடிப்போட்டும் ஓடுவன்."

"அப்பிடி ஓடினால், நான் கோயிலிலையிருந்து உங்கடை வீடு வரைக்கும் காருக்குப் பின்னாலை நடந்து வாறன்" என்றான் மச்சான்.

அன்று பின்னேரமே கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினேன். றேஸ் கார்களில் பூட்டுகிற சீற் அங்கே கிடைக்கும். பெரிய கோப்பை மாதிரி ஒரே வார்ப்பு. பஞ்சு கொஞ்சம்தான், இரண்டு பக்கமும் விலாவைப் பிடிக்கும். இந்த முறை நடைபாதையில் வைத்து ஏறி உட்கார்ந்து, தேநீர் வாங்கிக் குடித்து, கடைக்காரர் எழும்பச் சொல்லும் வரைக்கும் எழும்பவில்லை.

பட்டறையில் காரின் பழைய சீற்றைக் கழற்றினேன். முன்னும் பின்னும் தள்ளுகிற தண்டவாளம் ஒன்று அடியில் இருந்தது. அதுவே நாலு விரல் உயரம். தூக்கி எறிந்தேன். பிறகு கை பழகிய வேலையைச் செய்தது. புதுச் சீற்றுக்கு அடியில் நாலு கட்டையான இரும்புக் கால் ஒட்டித் தரையில் பூட்டினேன். மினிவானுக்கு அப்படித்தானே செய்வேன். ஏறிப் பார்த்தால் தலை பழையபடி கூரையில். கால்களை வெட்டிக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். போல்ட் பிடிக்க இடமில்லாமல் போனது, தலை மட்டும் முட்டிக்கொண்டே இருந்தது. பார்க்க வந்த மச்சான் தன் தலைக்கு மேல் ஒரு சாண் விரித்துக் காட்டிவிட்டுப் போனான். அந்தச் சாண்தான் எனக்குச் சுட்டது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு துணி கட்டிய என் சாய்மனைக் கதிரையில் படுத்தேன். படுத்தபடி கையைத் தொங்கவிட, விரல் நிலத்தில் பட்டது. துணிக்கு அடியில் தடவிப் பார்த்தேன். துணி நிலத்தில் தொடாத குறை. எவ்வளவு பாரமான ஆள் நான், எனக்குக் கீழே ஒரு காலும் இல்லை. இரண்டு பக்கத்துச் சட்டமும் என்னைத் தாங்குகின்றன. நான் தொங்குகிறேன்!

அளவுநாடாவை எடுத்துவரச் சொல்லி, கதிரையில் படுத்தபடியே என் முதுகின் சரிவை, முழங்காலின் உயரத்தை, தலை நிற்கும் இடத்தை அளந்தேன். ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மனைவி பக்கத்து வீட்டுக்குக் கதைத்தது கேட்டது. கேட்கட்டும்.

கால்களை முழுக்க வெட்டி எறிந்தேன். தடித்த தகட்டில் 'எல்' வடிவாக இரண்டு வெட்டி, சீற்றின் இரண்டு பக்கத்திலும் பூட்டி, அவற்றைக் காரின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். சீற் நிற்கவில்லை, தொங்கியது. சீற்றின் அடிக்கும் தரைக்கும் இடையில் ஒரு காசுதான் போகும். கியர்ப் பக்கம் இடுப்பு இடித்தது, தகட்டைத் தேய்த்து மெல்லிசாக்கினேன். சீற் பெல்ட்டின் கொளுவி பழைய சீற்றோடு போய்விட்டது. அதற்குத் தரையில் துளை போட்டு, அடியில் தடித்த தகடு கொடுத்து இறுக்கி, வண்டியே அசையும்வரை இழுத்துப் பார்த்தேன். நான் பூட்டியது கழன்ற சரித்திரம் இல்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். சட்டம் கண்ணுக்கு மேலே போய்விட்டது. முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் என் கை முட்டி நுழைந்தது. கூரையை மூடினேன். தலைக்கு மேல் ஒரு விரல் இடைவெளி.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத் தையல் ஆசை. வெள்ளிக்கிழமை காலை, மினிவான் வேலையில் மிஞ்சிய நீல றெக்சினில் மெல்லிய பஞ்சு வைத்து உறை தைத்துப் போட்டேன். அதற்குப் பிறகு கூரையை மூடிப் பார்க்க நேரம் இருக்கவில்லை, பூசை நேரம் வந்துவிட்டது.

வேட்டி, சால்வையோடு கூரையைத் திறந்து ஓடிக்கொண்டு போனேன். சந்தி எழும்பி நின்று பார்த்தது. ஐயர் மாலை போட்டு, சந்தனம் பூசி, தேங்காய் உடைத்தார். காரின் நாலு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். அந்த நேரம் கிழக்கே கறுத்து, பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது.

"கூரை எண்டும் ஒரு கதை சொன்னனீங்கள், அத்தான்" என்றான் மச்சான். கோயில் வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

ஒரு விரல் இடைவெளியில் பஞ்சு எவ்வளவைத் தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன். முதுகையும் நாரியையும் நிமிர்த்தினேன். பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு கூரையை இழுத்துக் கொளுவினேன்.

தலைமயிர் துணியில் உரசியது. தலை உரசவில்லை.

தேசிக்காய்கள் நசிந்தன. கார் வாசலை விட்டு இறங்கியது. கொஞ்ச தூரம் போய்ப் பக்கக் கண்ணாடியில் பார்த்தால், மச்சான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து வருகிறான். நிற்பாட்டி, ஜன்னலை இறக்கினேன்.

"நனையிறாய் மச்சான், ஏறன்."

"சொன்னது சொன்னதுதான். நீங்கள் போங்கோ" என்றான். பிறகு கிட்ட வந்து குனிந்து, என் தலைக்கும் துணிக்கும் நடுவில் பார்த்தான். "சேறு அடியாமல் போங்கோ, அத்தான்."

முதலாம் கியரை விட்டு நான் மாற்றவில்லை. அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அன்று வீடு வரைக்கும் ஆள் நடக்கிற வேகத்திலேயே வந்தது. வழி நெடுக என் கழுத்து நிமிர்ந்தபடி இருந்தது.