பூமி உருண்டையில் ஒரு பொட்டு

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளை அட்டை அட்டையாகத் திருடிவந்தான் என்பதை நாலு பேர் முன்னால் சொல்வது அவமானம்தான். அந்த ஆள் நான். திருடிய காரணம் திருட்டைவிடக் கேவலமானது. கல்கத்தாவில் எங்கள் பாலிகஞ்ச் வீட்டு ஷோகேஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூமி உருண்டை இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதன் கடல்களெல்லாம் மோர் நிறத்துக்கு வெளுத்துவிட்டன. உலகத்தில் அதிகம் பேர் கேள்விப்படாத மொழிகள் எங்கெங்கே பேசப்படுகின்றனவோ, அங்கெல்லாம் அதில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவேன். பலூசிஸ்தானில் பிராகுயி. ஹுன்ஸா பள்ளத்தாக்கில் எந்த மொழியோடும் உறவு சொல்லிக்கொள்ளாத புருஷாஸ்கி. மகாராஷ்டிரத்தில் புல்தானாப் பக்கம் நிஹாலி. பூட்டான் எல்லையோரத்து ஒற்றைக் கிராமத்தில் டோட்டோ. லா கோமெரா என்கிற தீவில், மலைக்கு மலை சீழ்க்கையாலேயே பேசிக்கொள்ளும் ஒரு மொழி. பெயரும் ஊரும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த ஒன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது.

பொதுத்துறை உத்தியோகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகு இந்த வியாதி முற்றியது. விருந்தாளிகள் வந்தால் காப்பிக்கு முன்பே உருண்டை வந்துவிடும். துர்கா பூஜை முடிந்து, வீடு வீடாகப் போய் இனிப்பு கொடுத்துப் பெரியவர்களை வணங்கும் பிஜயா நாட்களில் என் அட்டகாசம் உச்சத்தில் இருக்கும். ஏனென்றால் வந்தவர்கள் இனிப்பு தின்று முடிக்கும்வரை எழுந்து ஓட முடியாது. அப்படியொரு பிஜயாவில்தான் மேல்மாடி திதி அகப்பட்டார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி, கணவரை இழந்தவர், மகன் நியூ டவுனில் ஏதோ மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். கட்டடம் முழுக்க அவரைத் திதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். பேச்சுவாக்கில், உங்கள் வீட்டு மொழி என்ன என்று கேட்டேன்.

"குருக். எங்க ஓராவ் ஜனங்க பேசறது. ஜார்க்கண்ட்ல கும்லா பக்கம்" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "அட! நீங்க நம்ம சொந்தக்காரங்க!" என்று கத்தினேன். குருக் திராவிடக் குடும்பத்து மொழி. நமக்குக் கண் என்றால் அவர்களுக்கும் தொண்டையில் கொஞ்சம் காறலோடு கண்தான். பல் என்றால் பல்தான். இதையெல்லாம் சபைக்கு விளக்கி, ராஞ்சிக்கு மேற்கே ஒரு பொட்டை ஒட்டி, முத்தாய்ப்பாக ஒன்று சொன்னேன். "ஒரு தமிழனுக்கு குருக் பேச ரெண்டே வாரம் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். திதி சிரிக்கவில்லை. "ரெண்டு வாரமா, தாதா?" என்று மட்டும் கேட்டார். இங்கே தாதா என்றால் அண்ணன்.

"ரெண்டு வாரத்துல குழாயை ரிப்பேர் பண்றேன்னு போன வருஷம் சொன்னவர், திதி, இவரு. நீங்க ஸந்தேஷ் எடுத்துக்கங்க" என்றாள் என் மனைவி. இதே ஊரின் பெஹாலாவில் பிறந்தவள். என்னோடு தமிழில் பேசும்போதும் அவள் கேலி வங்காளத்தில்தான் ஓடும்.

அந்தக் குளிர்காலத்தில் திதியின் அப்பாவை ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். எங்கள் கட்டடத்தில் ஆசிரியருக்கு உரிய மரியாதையோடு அவர் உடனே மாஸ்டர்மொஷாய் ஆகிவிட்டார். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது. காலமெல்லாம் பாடம் நடத்திய ஹிந்தி சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது குருக் மட்டும், அதுவும் துண்டு துண்டாக. ஆடு மாடுகளை விட்டுவிட்டு வர முடியாத திதியின் அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் கிராமத்திலிருந்து போனில் வருவார். திதி போனை அப்பாவின் காதில் வைத்துப் பிடிப்பார். அந்தப் பக்கம் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இந்தப் பக்கம் உதடு லேசாக அசைந்து நின்றுவிடும். பகலில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது விட்டால் இருக்கிற பேச்சும் மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேரனுக்கு வங்காளமும் இங்கிலீஷும்தான் வரும். திதிக்கு அலுவலகம். அவர் கீழே இறங்கிவந்து எங்கள் வாசலில் நின்றார்.

"தாதா, நீங்க ரெண்டு வாரம்னு சொன்னீங்க. நான் விளையாட்டுக்குக் கேக்கலை."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் மதியம் ஒரு சொற்பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே போனேன். குளிர்கால வெயில் சாய்ந்து விழும் பால்கனி. மடியில் சால்வையோடு மாஸ்டர்மொஷாய். நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டி, காறிக்கொண்டு, அவர்களுடைய சொல்லைச் சொன்னேன். பல்லைக் காட்டினேன். மூக்கைத் தொட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நான் கண்ணைத் தொட்டதும் அவர் கண்ணையே மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் அவரிடம் கண் எது, மூக்கு எது என்றுதான் விடாமல் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் திதி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "பாபா பேசினாரா?" நான் பட்டியலோடு படியிறங்கிவிடுவேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம், பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டே, யாருக்கும் இல்லாமல், தமிழில் முணுமுணுக்க ஆரம்பித்தேன். முழங்கால் வலி. பென்ஷன் ஆபீஸில் மூன்றாம் முறையாகக் கேட்கும் அதே சான்றிதழ். இன்னும் ஒழுகும் குழாய். பொட்டு விஷயத்தில் மனைவி போட்ட சத்தம். அப்புறம், மற்றவர்களிடம் சொல்லாத ஒன்று: இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், திருநெல்வேலிக்குப் போனால் வங்காளி, இங்கே மதராஸி என்று இரண்டு பக்கமும் விருந்தாளியாகவே காலம் போய்விட்டது. எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஸ்டேஷன் பக்கம் லோக்கல் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும் அவர் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, ஆனால் நிறுத்தாமல். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் ஒரு சுளையை வாயருகே கொண்டுபோனபடியே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு வந்த மதியங்களை நான் விழித்திருந்து கண்டேனா, தூங்கிக் கண்டேனா என்று இன்றும் சந்தேகமாக இருக்கிறது. அவர் குருக்கில் பேசுவார்; நான் தமிழில் பேசுவேன். ஆரஞ்சுத் தோலின் வாசனையும், எங்கோ காய்ச்சும் புது வெல்லத்தின் வாசனையும் பால்கனிக்கு ஏறிவரும். எதிர்மாடியில் காயும் புடவைகளின் நிழல் எங்கள் இருவர் மேலும் மாறி மாறி ஆடும். அவர் குரலில் ஒரு காடு வரும், ஒரு மழை வரும், யாரையோ அதட்டுவார், யாருக்கோ சிரிப்பார். புரியாத பேச்சுக்கு இத்தனை வெளிச்சம் உண்டென்று எனக்குத் தெரியாது. பெயரும் ஊரும் மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? நடுநடுவே ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்துச் சொல்லி, இடது விரலால் என் முகவாயைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். எனக்கு குருக் கற்றுக்கொடுக்கிறார்! நான் உற்சாகமாகத் திருப்பிச் சொல்வேன். அவர் பெருமூச்சு விட்டு என் முழங்காலைத் தட்டிக்கொடுப்பார். உறிஞ்சுகுழலால் தண்ணீரில் குமிழி ஊதும் பயிற்சி ஒன்று அவருக்குக் கொடுத்திருந்தார்கள். தான் ஊதியதும் டம்ளரை என் பக்கம் தள்ளுவார். நானும் ஊதுவேன். சிநேகம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் உருண்டையை மேலே எடுத்துப்போனேன். பூகோள ஆசிரியர் அல்லவா, கை தானாக அதைச் சுழற்றியது. பலூசிஸ்தானில் கொஞ்சம் நின்றார். பூட்டான் ஓரத்தில் நின்றார். ராஞ்சிக்கு மேற்கே வந்ததும் நகத்தால் அந்தப் பொட்டைப் பெயர்த்து, வெகுநேரம் விரல் நுனியில் வைத்திருந்து, கல்கத்தாவின் மேல் ஒட்டினார். என்னைப் பார்த்தார். குருக் இப்போது இங்கேயும் பேசப்படுகிறது என்று நான் பொருள் எடுத்துக்கொண்டேன். கண் கலங்கியது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆரஞ்சுச் சாறு தெறித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலவ மரங்கள் சிவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திதி படிகளில் ஓடிவந்தார். தலை பின்னாமல், கையெல்லாம் கடுகெண்ணெய் வாசனை. "தாதா! பாபா போன்ல பேசிட்டார்! அம்மா அழறாங்க, அவர் இங்கேருந்து அதட்டறார், எந்த மாடு கன்னு போட்டுச்சுன்னு கேக்கறார்!" என் மனைவி "ஓமா!" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் அழுவதைப் பார்த்தபடி, மொழியியலுக்கு நான் செய்த சேவையைப் பற்றி ஒரு சிற்றுரைக்கு மனத்துக்குள் தயாரானேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. பத்து நாளில் அவரை ஊருக்கு அழைத்துப்போனார்கள். காரில் ஏறும் முன் என் கன்னத்தைத் தடவி, நீளமாக ஏதோ சொன்னார். ஆசீர்வாதம் என்று குனிந்து வாங்கிக்கொண்டேன்.

உருண்டை இப்போது பழையபடி ஷோகேஸின் மேல் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் நான் சும்மா இருக்கிறேன்; அவர்களாகக் கேட்டால்தான் உண்டு. மதியங்களில் வெயில் அதன்மேல் ஊரும்போது மெல்லச் சுழற்றிவிட்டு, கல்கத்தாப் பொட்டு என் எதிரே வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான், சர்ஹுல் என்கிற வசந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்வந்த திதி, ஒரு பொட்டலம் நிறைய இலுப்பைப் பூவோடு வந்தார். அப்பா நன்றாகப் பேசுகிறாராம். பாதி ஹிந்திகூடத் திரும்பிவிட்டதாம்.

"என்னை விசாரிச்சாரா?" என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

திதி என் மனைவியைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"தினமும் விசாரிக்கிறார், தாதா. 'அந்தக் கீழ்வீட்டுப் பையனுக்குப் பேச்சு வந்துச்சா? பாவம், அவனுக்கு என்னைவிடப் பலமான அடி. குளிர்காலம் பூரா நானும் முட்டி முட்டிப் பார்த்தேன், ஒரு வார்த்தை தேறலை'ங்கிறார்."